விசாரணைக் கதவுக்கு வெளியே

அக்கா,

நேற்றுப் பின்னேரம் உங்கள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கொண்டுவந்த பையைத் தையல் மெசினுக்கு மேலே வைத்துவிட்டு, "நல்ல துணி பிள்ளை. பெட்டிக்குள்ளை கிடந்து பூச்சி அரிக்கிறதைவிடப் பிரிச்சு எங்கடை பேரனுக்கு ஒரு காற்சட்டை தைச்சு விடன்" என்றார். பைக்குள் இருந்தது நீங்கள் நீதிமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்புக் கோட்டு.

ஓம் என்றேன். அவர் போன பிறகு கோட்டை எடுத்து உதறினேன். யூக்கலிப்டஸ் எண்ணெய் வாசம் வந்தது. முட்டு வருத்தம் வந்து மூச்சு இழுக்கும் நாட்களில் கைலேஞ்சியில் அந்த எண்ணெயை நனைத்துப் பொக்கற்றில் வைத்திருப்பீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்து முகர்ந்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடங்குவீர்கள். நீங்கள் போய் ஒரு மாரிகாலம் முடிந்துவிட்டது. வாசம் போகவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நேற்று ஒரு விஷயம் தெரியவந்தது. அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். சொல்வதென்றால் முதலிலிருந்து வர வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பொலிஸ்காரனின் நிலை எப்படி இருந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா கடைக்குள் நுழைந்தால் கதை நிற்கும். பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்தாலும் கதை நிற்குமாம். இரண்டு இடத்திலும் குறைவாகக் கதைக்கப் பழகிக்கொண்டார். வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டார். என்னுடைய கூச்சம் அவரிடமிருந்துதான் வந்தது என்று அம்மா சொல்வார்.

மறு வருடம், துண்டுப்பிரசுரம் ஒட்டினான் என்று ஒரு பையனைப் பிடித்து அந்த நிலையத்தில் வைத்திருந்தார்கள். பதினெட்டு வயதுதான் இருக்கும். வீட்டில் அவனுடைய தாய் வருத்தமாய்க் கிடந்தவர். மகனைப் பிடித்த செய்தி கேட்ட அடுத்த நாளே அவருடைய உயிர் போய்விட்டது. தகப்பன் முன்னமே இல்லை. அவன்தான் ஒரே பிள்ளை. அவனுடைய பெரியப்பா பொலிஸ் நிலைய வாசலில் வந்து, கொள்ளி வைக்க வேறு ஆளில்லை என்று கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

பொறுப்பதிகாரி அப்பாவைக் கூப்பிட்டாராம். "நீ கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வா. உன் பொறுப்பு." வாயால் சொன்னார், எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அந்தப் பையனை மறுநாள் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோவதாக இருந்தது என்பது அப்பாவுக்குத் தெரியும். பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

செத்தவீட்டுக்குக் காக்கிச் சட்டையோடு போகக் கூடாது என்று அப்பா வேட்டி கட்டிக்கொண்டார். பையனின் கைவிலங்கு தெரியாமல் மேலே ஒரு துவாயைப் போட்டார். அவர்கள் எங்கள் வாசல் படலையைத் தாண்டிப் போனபோது நான் கிணற்றடியில் நின்றேன். துவாய்க்குக் கீழே கைகளைச் சேர்த்துக்கொண்டு அவன் நடந்ததைப் பார்த்தபோது, ஏதோ பிரசாதம் ஏந்திக்கொண்டு போகிறான் போல இருந்தது.

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. அங்கே நடந்ததை உங்களைப் போலவே நானும் கேட்டுத்தான் அறிந்தேன். கொள்ளிக்குடம் தூக்க இரண்டு கையும் வேண்டும் என்று அப்பா விலங்கைக் கழற்றினார். பையன் மூன்று தரம் சுற்றி வந்தான். சிதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தீ வைத்தான். பிறகு எல்லோரும் நடந்தார்கள். அப்பா அவனுக்கு முன்னால் நடந்தார். பனங்கூடலைத் தாண்டி ஒழுங்கை முகப்புக்கு வந்த பிறகுதான் திரும்பினார். பையன் இல்லை.

அப்பாவின் அடுத்த பிழை அதற்குப் பிறகு. எங்கள் வீடு சுடலைக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா நேராக நிலையத்துக்கு ஓடவில்லை. எங்கள் கிணற்றடிக்கு வந்தார். "தண்ணி அள்ளு" என்றார். சுடலையிலிருந்து வந்தவர் முழுகாமல் உடுப்பைத் தொடக் கூடாது அல்லவா. நான் அள்ளினேன், அவர் ஊற்றினார். பல்லுக் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு காக்கியைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார். போனவரை அங்கேயே கூட்டுக்குள் அடைத்துவிட்டார்கள்.

தான் அனுமதி கொடுக்கவில்லை என்று பொறுப்பதிகாரி சொல்லிவிட்டார். வேட்டி கட்டிப் போனது, விலங்கைக் கழற்றியது, முன்னால் நடந்தது, வீட்டுக்கு வந்து நேரம் போக்கியது, எல்லாம் சேர்ந்து அப்பா வேண்டுமென்றே கைதியை விட்டுவிட்டார் என்று வழக்கு ஆனது. வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். குற்றம் நிரூபணமானால் மறியற்சாலைதான்.

பிணையில் வந்ததும் அப்பா சாவகச்சேரியில் அப்புக்காத்துமாரின் வீடுகளுக்கு, வழக்குப் பேசக் கேட்டு நடந்தார். ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார்: "பொலிசுக்கு நிண்டால் நாளைக்கு என்ரை படலையை ஆர் திறப்பினம்?" மற்றவர் ஊரில் இல்லை என்று உள்ளேயிருந்தே சொல்லியனுப்பினார். பொலிஸ் திணைக்களத்துக்கு எத்தனையோ வழக்கறிஞர்கள். ஆனால் அவர்கள் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம். பொலிஸ்காரன் பிடிபட்டால் அவன் எங்கே போவதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கே தெரியவில்லை.

உங்கள் பெயரைச் சொன்னது நீதிமன்ற வாசலில் தேத்தண்ணி விற்கிறவர். "பிடிபட்ட பெடியளுக்குக் காசு வாங்காமல் வழக்குக்கு நிக்கிற ஒரு பிள்ளை இருக்கு. பொலிசெண்டால் அவவுக்குப் பேய்க் கோவம். எதுக்கும் போய்ப் பாரண்ணை."

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. தனியே வரப் பயந்திருக்கிறார் என்று இப்போது விளங்குகிறது. உங்கள் வீட்டு முன்னறையில், நீளப் பலகை வாங்கில் பிடிபட்ட பையன்களின் தாய்மார் நிறைய இருந்தார்கள். அப்பாவைக் கண்டதும் ஒருவர் எழுந்தார்.

"இவன் பொலிஸ். போன மாசம் என்ரை பிள்ளையை ஜீப்பிலை ஏத்தேக்கை பக்கத்திலை நிண்டவன்."

அப்பா இல்லை என்று சொல்லவில்லை. நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கையிலிருந்த பேனையை மூடிவிட்டுச் சொன்னீர்கள்:

"அம்மா, உங்கடை மகனுக்காக நான் கோட்டிலை நீதவானிட்டை என்ன கேக்கிறன்? அவன் நல்லவன் எண்டோ? எனக்கு அவனைத் தெரியாது. அவனுக்குப் பக்கத்திலை நிண்டு கதைக்க ஒரு ஆளை விடுங்கோ எண்டுதானே கேக்கிறன். இவருக்கும் அதுதான்."

"அப்ப நீ எங்களுக்கு வேண்டாம்" என்று அந்த அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். நீங்கள் மறிக்கவில்லை. முகம் வாடியது, நான் பார்த்தேன்.

அப்பா உங்களை முதலில் மிஸ் என்றுதான் கூப்பிட்டார். நீங்கள் அவரை அண்ணை என்றீர்கள். கதையை முழுக்கக் கேட்பதற்கு முன் விரலை உயர்த்தினீர்கள். "அண்ணை, ஒரு விஷயம். நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. எனக்குத் தெரியக் கூடாதது ஏதும் இருந்தால் என்னட்டைச் சொல்லாதேங்கோ. தெரிஞ்சு வைச்சுக்கொண்டு நான் கோட்டிலை மாறிச் சொல்ல மாட்டன். அது என்ரை பழக்கம்." அப்பா தலையாட்டினார்.

காசுக் கதையை அவர் எடுத்தபோது சிரித்தீர்கள். "இடைநிறுத்தின ஆளிட்டை என்ன வாங்கிறது? உங்கடை பக்கத்துப் பலாப்பழம் நல்லது எண்டு சொல்லுவினம்." அடுத்த தரம் அப்பா உண்மையாகவே ஒரு பெரிய பலாப்பழத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். வழக்குக் கட்டுகளுக்கு நடுவில் அதை வெட்டி, பால் ஒட்டிய கையோடு சட்டப் புத்தகத்தைத் தொட முடியாமல், "தங்கச்சி, அந்தப் பக்கத்தைப் பிரட்டு" என்று என்னைக் கூப்பிட்டீர்கள். நான் உங்களிடம் முதல் முதலாகச் சொன்ன சொல், "எந்தப் பக்கம்?" அவ்வளவு மெல்லச் சொன்னேன், நீங்கள் மூன்று தரம் "என்ன?" என்று கேட்டீர்கள்.

அந்தப் பையனின் தாய்க்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கீரிமலையில் நடக்கப் போகிறது என்று தெரிந்ததும் பொறுப்பதிகாரி அப்பாவுக்கு இப்படிச் சொல்லி ஆள் அனுப்பினார். கொள்ளி வைத்தவன்தான் அந்தியேட்டியும் செய்ய வேண்டும். எப்படியும் வருவான். வேறு நிலையத்திலிருந்து எங்கள் ஆட்கள் இருவர் சாதாரண உடுப்பில் நிற்பார்கள். அவர்களுக்குப் பையனின் முகம் சரியாகத் தெரியாது. நீ வந்து காட்டு. காட்டினால் வழக்கில்லை, வேலையும் திரும்பக் கிடைக்கும்.

அப்பா அந்தச் செய்தியோடு உங்களிடம் வந்தார். நீங்கள் கையிலிருந்த வழக்குக் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினீர்கள். பிறகு, "சட்டப்படி பாத்தால், தப்பின ஆளைப் பிடிக்க உதவுறது உங்கடை கடமை. உங்கடை அப்புக்காத்து எண்ட முறையிலை அதை நான் சொல்லாமல் விடக் கூடாது" என்றீர்கள். "காட்டினால் நீங்கள் தப்புவியள். காட்டாட்டில் நான் பேசிப் பாப்பன். வெல்லுவன் எண்டு சொல்ல மாட்டன்."

"நீங்கள் என்ன சொல்லுறியள் மிஸ்?"

"சொல்லீட்டன் அண்ணை. மிச்சம் உங்கடை."

அன்று நீங்களும் வந்தீர்கள். பையனின் பெரியப்பாவைச் சாட்சி சொல்லக் கேட்க வேண்டும், அதற்கு வேறு நாள் கிடைக்காது என்றீர்கள். "நீயும் வா. என்ரை முகத்தைப் பாத்து இரங்காட்டிலும் உன்ரை முகத்தைப் பாத்து இரங்குவார்" என்று என்னையும் கூட்டிக்கொண்டீர்கள். நல்ல வெயில். கடற்கரையில் குடும்பம் குடும்பமாக ஐயர்மாரைச் சுற்றி இருந்தார்கள். அப்பா ஆண்களின் கேணிப் பக்கம் போனார். நாங்கள் வெளியே மர நிழலில் நின்றோம். சாதாரண உடுப்பில் வந்த இருவரும் மதிலோரம் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாருக்கும் தெரியாது என்று அவர்கள் மட்டும் நினைத்திருந்தார்கள்.

பையனுக்குப் பதிலாகக் கிரியையைப் பெரியப்பாவின் மகன்தான் செய்தான். முடிந்ததும் பெரியப்பா ஈர வேட்டியோடு எங்கள் பக்கம் வந்தார். நீங்கள் எழுந்து நின்று கேட்டீர்கள். அனுமதி வாங்கிய கதையை மட்டும் நீதவானுக்குச் சொன்னால் போதும் என்றீர்கள்.

"அந்த மனுசனிலை எனக்குக் கோவமில்லைப் பிள்ளை" என்றார் அவர். "ஆனால் நான் பொலிசுக்காகக் கூட்டிலை ஏறினால் ஊர் என்ன சொல்லும்? அதோடை, அவர் விடேல்லை எண்டு நான் சொன்னால், அப்ப நீங்கள்தானே ஓட விட்டனீங்கள் எண்டு எங்களைப் பிடிப்பாங்கள். எனக்கு இன்னும் ஒரு பெடியன் இருக்கிறான்."

நீங்கள் அவருக்கு வழிவிட்டு விலகி நின்றீர்கள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். மாற்று உடுப்பும் இல்லை, துவாயும் இல்லை. பின்னால் வந்த இருவரில் ஒருவன், "என்ன அண்ணை, ஆள் பிடிக்க வந்தனீங்களோ, முழுக வந்தனீங்களோ?" என்றான். மற்றவன் கச்சான் கோதை ஊதிவிட்டு, "அவன் வரேல்லை. வீண் அலைச்சல்" என்றான்.

நீங்கள் அப்பாவின் ஈர வேட்டியைப் பார்த்தீர்கள். "நல்ல வெயில் என்ன அண்ணை" என்றீர்கள்.

"ஓம் பிள்ளை. நல்ல வெயில்."

அன்றைக்குத்தான் அவர் உங்களை முதல் தரம் பிள்ளை என்றார். நீங்கள் வேறொன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டீர்கள். பொலிசின் மகள் என்று பிள்ளைகள் வாங்கில் தள்ளி இருக்கிறார்கள் என்றேன். மெல்லத்தான் சொன்னேன், உங்களுக்குக் கேட்டுவிட்டது.

பெரியப்பா வராததால் சாட்சிக்கு நான் ஒருத்திதான் மிஞ்சினேன். வீட்டில் அப்பா என்ன செய்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று கண்டவள் நான்தான். அம்மா அன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வேண்டாம் என்று அழுதேன். நீங்கள் எனக்கு ஒன்றும் சொல்லிப் பழக்கவில்லை. "உள்ளதை மட்டும் சொல்லு. தெரியாததுக்குத் தெரியாது எண்டு சொல்லு. அதுக்கு மேலை ஒண்டும் தேவையில்லை." இவ்வளவுதான்.

சாட்சிக்கூட்டில் ஏறினதும் என் குரல் போய்விட்டது. நீதவான் இரண்டு தரம் "பெலத்துச் சொல்லம்மா" என்றார். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நீங்கள் எனக்குக் கிட்ட வருவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பின்னால் போனீர்கள். ஒவ்வொரு அடியாக, என்னைப் பார்த்தபடியே, கடைசி வாங்குவரை போய்க் கதவடியில் நின்றீர்கள். அந்த வாங்கில் உங்கள் முன்னறைத் தாய்மார் இருந்தார்கள். வேறு வழக்குகளுக்கு வந்தவர்கள்.

"தங்கச்சி, நான் இஞ்சை நிக்கிறன். எனக்குச் சொல்லு. அப்பா வந்து என்ன கேட்டவர்?"

"தண்ணி."

"கேக்கேல்லை."

"தண்ணி அள்ளு எண்டவர்."

வாங்கிலிருந்து ஒரு அம்மா, "இன்னும் கொஞ்சம் பெலத்துச் சொல்லு பிள்ளை" என்றார். சேவகர் அவரை அதட்டினார். திரும்பிப் பார்த்தால், அன்று உங்கள் வீட்டிலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போன அதே அம்மா. அதன் பிறகு எனக்குச் சத்தம் வந்தது. எல்லாம் சொன்னேன். முழுகினவர், நடுங்கினவர், உடுப்பைப் போட்டவர், போனவர். பொலிஸ் தரப்பில் வழக்கை நடத்தியவர் எழுந்து, கைதி தப்பி ஓடும்போது குளிக்கிற பொலிஸ்காரனை எங்காவது கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டார். நீதிமன்றத்தில் சிலர் சிரித்தார்கள்.

நீங்கள் கோபப்படவில்லை. அப்பாவோடு வேலை செய்த சார்ஜன்ட் ஒருவர் அவர்கள் பக்கச் சாட்சியாக வந்திருந்தார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். அவரிடம் இரண்டு கேள்விதான் கேட்டீர்கள். "உங்கடை தகப்பனாரை எரிச்சுப்போட்டு வரேக்கை, நீங்கள் திரும்பிப் பாத்தனீங்களோ?"

அவர் நீதவானைப் பார்த்தார், பொறுப்பதிகாரியைப் பார்த்தார். "இல்லை."

"வீட்டை வந்து முதல் என்ன செய்தனீங்கள்?"

அவர் குனிந்து தன் காக்கிச் சட்டையைப் பார்த்தார். நீதவான் பேனையை எடுத்து எழுதினார். நீதவானும் ஒரு நாள் சுடலையால் வந்து அப்படி முழுகியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வேண்டுமென்று விட்டதாக நிரூபிக்கப்படவில்லை என்று அப்பாவை விடுதலை செய்தார்கள். வாசலில் நின்று அப்பா உங்களைக் கும்பிட்டார். நீங்கள் கைலேஞ்சியை எடுத்து முகர்ந்துகொண்டு, "இன்னும் முடியேல்லை அண்ணை. கோட்டு விட்டிட்டுது. உங்கடை திணைக்களம் விடவேணுமே" என்றீர்கள்.

அவர்கள் விடவில்லை. அடுத்த வருடம் கொழும்பில் திணைக்கள விசாரணை என்று அழைப்பு வந்தது. அந்த விசாரணையில் வெளி வக்கீலுக்கு இடமில்லை. இன்னொரு பொலிஸ் உத்தியோகத்தர்தான் துணைக்கு இருக்கலாம் என்றார்கள். அப்பாவுக்குத் துணையாக வர ஒருவரும் சம்மதிக்கவில்லை. சார்ஜன்ட் காய்ச்சல் என்றார்.

நீங்கள் போனீர்கள். அந்த நாட்களில் கொழும்புக்குப் போவதென்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா பயந்து, "நீர் போய் என்ன பிள்ளை செய்யிறது, உள்ளை விடமாட்டாங்களாம்" என்றார். "சும்மா ஒரு துணைக்குப் போறன் அன்ரி. அவர் தனியப் போகக் கூடாது" என்றீர்கள். விசாரணை அறைக் கதவடியில் காவலாளி மறித்தார். நீங்கள் வெளி வாங்கில் இருந்தீர்கள். காலையிலிருந்து பின்னேரம் வரை இருந்தீர்கள் என்று அப்பா சொன்னார். கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் எழுந்து எட்டிப் பார்த்தீர்களாம்.

அப்பா வெளியே வந்ததும், "என்ன கேட்டவை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

"எல்லாம் கேட்டினம். ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லேல்லை."

"ஏன்?"

"வரேல்லைப் பிள்ளை."

விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று அப்பாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். இத்தனை வருட வேலையும் ஓய்வூதியமும் போனது. நீங்கள் மேன்முறையீடு எழுதினீர்கள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஒவ்வொன்றிலும் கையெழுத்து வாங்க எங்கள் வீட்டுக்கு வருவீர்கள், போகும்போது ஒரே சொல்லைச் சொல்வீர்கள்: "நான் உள்ளை இருந்திருந்தால் அப்பிடி வாயடைச்சு இருக்க விட்டிருக்க மாட்டன் அண்ணை. ஆளைத் தனிய விட்டிட்டன்." அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியாக வந்தபோது உங்களால் ஒரு வசனத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. அதைச் சொல்லாமல் போகவுமில்லை.

பிறகு வீதிகள் அடைபட்ட நாட்கள் வந்தன. உங்கள் மருந்து முடிந்ததும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்காததும், பக்கத்து வீட்டுக்காரர் கதவொன்றைக் கழற்றி அதில் தூக்கிக்கொண்டு போகப் பார்த்ததும், பாதி வழிக் காவலரணில் திருப்பி அனுப்பியதும், எல்லாம் கிழமைகள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எரித்து முடிந்திருந்தது. முப்பத்திநாலு வயது என்று உங்கள் அம்மா சொன்னார். நேற்றும் சொன்னார். "கடைசி நாளும் உன்ரை அப்பாவின்ரை வழக்கைத்தான் சொன்னவள். நான் பிழை விட்டிட்டன் அம்மா எண்டு."

அவர் இதைச் சொன்னபோது அப்பா தோட்டத்திலிருந்து வந்து படியில் நின்றுகொண்டிருந்தார். இப்போது அவர் வெங்காயம் செய்கிறார். உங்கள் அம்மா போனதும் மண்வெட்டியைச் சாத்திவிட்டு அப்படியே இருந்தார். வெகு நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "அவன் வந்தவன்" என்றார்.

"ஆர் அப்பா?"

"கீரிமலைக்கு. அந்தப் பெடியன்."

தலையை மொட்டையடித்துக்கொண்டு வேறொரு குடும்பத்தின் ஆட்களோடு கேணியின் மூலையில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றானாம். கரையில் தாயின் கிரியை நடக்க நடக்க, இவன் தண்ணீருக்குள் தாழ்ந்து எழும்பிக்கொண்டிருந்தானாம். "என்னைக் கண்டிட்டான். ஓடேல்லை. கும்பிட்டபடி அப்பிடியே நிண்டான். மதிலடியிலை நிண்டவங்கள் கேணிப் பக்கம் வாறதைக் கண்டன். அவன் நிண்ட மூலை அவங்கடை கண்ணிலை படும். அதுதான் உடுப்போடை இறங்கி அவனுக்கு முன்னாலை நிண்டு முழுகினன்."

நான் தையல் மெசினை விட்டு எழுந்து படியில் வந்து இருந்தேன்.

"கொழும்பிலை அதைத்தான் கேட்டவங்கள். அண்டைக்குக் கீரிமலையிலை ஆளைக் கண்டனீயோ எண்டு. இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் வேலை தந்திருப்பாங்கள். சொல்ல வாய் வரேல்லை. நீ சின்னப் பிள்ளை, அந்தக் கூட்டிலை ஏறி உள்ளதைச் சொன்னனீ. அந்தப் பிள்ளை உன்னட்டை உள்ளதை மட்டும்தான் கேட்டவ. அவ வெளியிலை வாங்கிலை இருக்கிறா. நான் உள்ளை இருந்து பொய் சொல்லிப்போட்டு வந்து அவவின்ரை முகத்தை என்னெண்டு பாக்கிறது? உண்மையைச் சொன்னால் அந்தப் பெடியனைத் தேடுவாங்கள், பெரியப்பன் குடும்பத்தைப் பிடிப்பாங்கள். அதுதான் ரெண்டும் சொல்லேல்லை."

"அக்காட்டை ஏன் சொல்லேல்லை?"

"தெரியக் கூடாததைச் சொல்லாதேங்கோ எண்டவ. அவ கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேப்பா எண்டுதான் இருந்தனான்" என்றார்.

அக்கா, நீங்கள் கேட்காமல் விட்டது தெரிந்தா தெரியாமலா என்று எனக்குத் தெரியவில்லை. ஈர வேட்டியைப் பார்த்த அந்த ஒரு நிமிடத்தை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். வெயில் என்று நீங்கள் சொன்னபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்பது ஞாபகம் வரவில்லை. அன்று நான் கச்சான் கொறித்த அந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் இப்போது தெரிந்துகொண்டு சொல்கிறேன். நீங்கள் அவரைத் தனியே விடவில்லை. உள்ளே இருந்த அவ்வளவு நேரமும் அவர் உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வேலை போனது நீங்கள் வெளியே இருந்ததால் அல்ல. நீங்கள் உள்ளே இருந்திருந்தாலும் அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

இதை உங்கள் அம்மாவிடம் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். சொல்ல முடியாது. அந்தப் பையன் எங்காவது உயிரோடு இருக்கலாம். பெரியப்பாவின் மகன் ஊரில்தான் இருக்கிறான். ஒவ்வொரு காவலரணையும் கடந்து சந்தைக்குப் போய் வருகிறான். நீங்கள் பிழை விட்டதாகவே உங்கள் அம்மா நினைத்துக்கொண்டிருப்பார். அவர் இனி வரும் ஒவ்வொரு தரமும் அதைச் சொல்வார். நான் ஓம் என்று கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.